டெர்மினேட்டர் வரிசை: எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம்

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1984-இல் வந்த முதல் படம், 1991-இல் வந்த இரண்டாம் படம், இந்த இரண்டையும் கட்டாயம் பாருங்கள். மூன்றாவதை அதன் கடைசிப் பத்து நிமிடத்துக்காகப் பார்க்கலாம். அதற்கப்புறம் வந்த மூன்று படங்களும் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. நடுவில் வந்த டிவி தொடர் உண்மையிலேயே நல்ல தொடர், ஆனால் அந்தரத்தில் நிறுத்திவிட்டார்கள். 2024-இல் வந்த அனிமே ஒன்றும் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இவ்வளவுதான் விமர்சனம், இனி வருவதெல்லாம் ஏன் என்று கேட்பவர்களுக்கு.

கதை தெரியாதவர்கள் குறைவு, இருந்தாலும் சுருக்கமாக. அமெரிக்க ராணுவத்துக்காக உருவாக்கிய ஸ்கைநெட் என்ற கணினி அமைப்புக்குச் சுயபுத்தி வந்துவிடுகிறது, பதறிப்போன மனிதர்கள் அதை அணைக்கப் பார்க்கிறார்கள், அது அணுகுண்டுப் போரைக் கிளப்பிவிடுகிறது. பிழைத்தவர்களைத் திரட்டி இயந்திரங்களோடு மோதுகிறவன் ஜான் கானர். அவனை ஜெயிக்க முடியாத ஸ்கைநெட், அவன் பிறப்பதற்கு முன்பே அவன் அம்மா சாராவைத் தீர்த்துக்கட்ட, மனிதத் தோல் போர்த்திய டெர்மினேட்டர் என்ற ஓர் இயந்திரத்தை 2029-இலிருந்து 1984-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸுக்கு அனுப்புகிறது. சாராவைக் காப்பாற்ற மனிதர்கள் தரப்பில் கைல் ரீஸ் என்ற சிப்பாய் வருகிறான். அந்த ரீஸ்தான் ஜானுக்கு அப்பா ஆகிறான் என்பதுதான் முடிச்சு.

இந்த வரிசையில் எது நல்ல படம், எது மட்டம் என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரே ஓர் அளவுகோல்தான். படத்தில் நடக்கிற விஷயத்துக்கு யாராவது விலை கொடுக்கிறார்களா? முதல் இரண்டு படங்களில் எல்லாரும் கொடுக்கிறார்கள், இயந்திரம் உட்பட. அப்புறம் வந்தவற்றில் பெரும்பாலும் எதற்கும் விலையே இல்லை. கார் நசுங்கினாலும், உடம்பு சிதறினாலும், உலகமே அழிந்தாலும் அடுத்த காட்சியில் எல்லாம் சரியாகிவிடுகிறது.

முதல் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்தபோது ஜேம்ஸ் கேமரனிடம் காசும் இல்லை, பேரும் இல்லை. அதற்கு முன் அவர் பெயரில் இருந்தது பறக்கும் பிரானா மீன்கள் ஆட்களைக் கடிக்கிற ஒரு படம்தான். அந்த வேலையாக ரோமில் இருந்தபோது காய்ச்சலில் படுத்தவர், தீக்குள்ளிருந்து ஓர் உலோக உடம்பு சமையல்கட்டுக் கத்திகளோடு தன்னை இழுத்துக்கொண்டு வருவதாகக் கனவு கண்டார், அதுதான் விதை. கதையின் உரிமையைத் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்டுக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றார், நான்தான் இயக்குவேன் என்ற நிபந்தனையோடு. சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த படம் 7 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இயந்திரமாக நடித்த ஆர்னால்டு ஷ்வார்ஸ்நேகரை முதலில் ரீஸ் வேடத்துக்குத்தான் பார்த்தார்கள் என்பது இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிற விஷயம்.

அந்தப் படத்தில் இயந்திரம் என்ன செய்கிறது? டெலிபோன் டைரக்டரியைத் திறந்து சாரா கானர் என்ற பெயர் இருக்கிற பக்கத்தைப் பார்த்து, வரிசையாக ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டிக் கொல்கிறது. சரியான ஆள் யார் என்று தெரியாது, அதைப் பற்றிக் கவலையும் இல்லை. கோபம் கிடையாது, வசனமும் அநேகமாகக் கிடையாது. ஒரு குமாஸ்தா பட்டியலில் டிக் அடிப்பது போல வேலையைப் பார்க்கிறது. எனக்கு வயிற்றைக் கலக்கியது துப்பாக்கி இல்லை, அந்த ஒழுங்குதான்.

அப்புறம் அந்த மலிவான ஓட்டல் அறைக் காட்சி. அடிபட்டு வந்த இயந்திரம் மேசை முன்னால் உட்கார்ந்து தன் முன்கையைக் கத்தியால் கீறித் திறக்கிறது. விரலை மடக்க மடக்க உள்ளே உலோகத் தண்டுகள் முன்னும் பின்னும் போய்வருகின்றன. அடுத்து கண்ணாடி முன் நின்று, கெட்டுப்போன கண்ணை நோண்டி எடுக்கிறது, அது தண்ணீர்த் தொட்டியில் விழுகிறது. இந்த இடத்தில் வருவது பொம்மைத் தலை என்று இன்றைக்குச் சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும், இருந்தாலும் கூசுகிறது. எல்லாம் முடிந்து கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முடியை வேறு ஒதுக்கிக்கொள்கிறது! பின்னால் அதே அறைக்கு வெளியே துப்புரவு ஆள் வந்து, உள்ளே பூனை கீனை செத்துக் கிடக்கிறதா என்று கேட்கிறான். உள்ளே அதன் மேல்தோல் அழுகத் தொடங்கிவிட்டது, முகத்தில் ஈ மொய்க்கிறது. அதன் கண்ணுக்குள் பதில்களின் பட்டியல் ஓடுகிறது, அதிலிருந்து ஒரு கெட்ட வார்த்தையைத் தேர்ந்தெடுத்துச் சொல்கிறது. இயந்திரத்தின் உடம்பும் தேய்கிறது, நாறுகிறது, அதற்கும் சேதாரம் உண்டு. முதலில் தோல் போகிறது, கடைசியில் வெறும் எலும்புக்கூடாக, காலை இழுத்துக்கொண்டு வருகிறது, அதற்கப்புறம் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் தவழ்கிறது. ஆனாலும் வருகிறது. ஹைட்ராலிக் பிரஸ்ஸில் நசுங்குகிற வரை.

நுணுக்கம் பிடித்தவர்களுக்கு ஒரு சின்ன விருந்து. இயந்திரத்தின் சிவப்புப் பார்வையில் ஓடுகிற எழுத்துகளை நிறுத்திப் பாருங்கள், அது ஆப்பிள் 2 கணினி காலத்து 6502 சிப்புக்கான அசெம்பிளி நிரல், அப்போது வந்துகொண்டிருந்த ஒரு கணினிப் பத்திரிகையிலிருந்து எடுத்தது. உலகத்தை அழிக்கப் போகிற மூளைக்குள்ளே அதுதான் ஓடுகிறது. பிராட் ஃபீடலின் இசையையும் ஹெட்ஃபோனில் கேளுங்கள், தாளம் ஒழுங்காக மடங்கி வராமல் ஓரிடத்தில் இடறிக்கொண்டே இருக்கும், அந்த ‘டங்’ என்ற உலோகச் சத்தத்துக்கு அவர் தட்டியது தன் வீட்டு இரும்பு வாணலியை.

இரண்டாவது படத்துக்குச் செலவு சுமார் 10 கோடி டாலர், அன்றைய தேதிக்கு உலகத்திலேயே அதிகம் செலவழித்த படம். பணம் கொட்டினால் படம் கெட்டுப்போகும் என்பதற்கு நிறைய உதாரணம் உண்டு, இது விதிவிலக்கு. ஆர்னால்டைக் காவல்காரனாக மாற்றிவிட்டு, வில்லனாக ஒல்லியான ஒரு போலீஸ்காரனைக் கொண்டுவந்தார்கள். ராபர்ட் பேட்ரிக் நடித்த டி-1000, உருகிய உலோகம், தொட்ட ஆளாக மாறிவிடும். கணினி வரைகலை என்றால் இதுதான் என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் மொத்தப் படத்தில் அது வருவது சில நிமிடங்கள்தான். மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த பொம்மைகளும் ஒப்பனையும். அந்தக் குழுவிலிருந்து வந்தவர்கள் நடத்தும் லெகசி எஃபெக்ட்ஸ்தான் நம்ம எந்திரன் படத்தில் ரோபோ பொம்மை வேலைகளைப் பார்த்தது, அதனால் சிட்டிக்கும் டெர்மினேட்டருக்கும் ஒருவகையில் பங்காளி உறவு. பேட்ரிக்கின் பங்கு இதற்கெல்லாம் மேலே. ஓடும்போது வாயைத் திறக்காமல் மூக்கால் மட்டும் மூச்சு விடப் பழகிக்கொண்டு ஓடினார் மனுஷன், பைக்கைத் துரத்திக்கொண்டு முழு வேகத்தில் ஓடும்போதும் முகம் இடித்த புளி மாதிரி இருக்கிறது. மனநல மருத்துவமனைக் கம்பிகளுக்கு நடுவில் அது வழுக்கிப் போகிற சத்தம் இருக்கிறதே, அது டப்பாவிலிருந்து நாய்த் தீவனம் வழுக்கி விழுகிற சத்தம். சிறந்த ஒலி, ஒலித்தொகுப்பு, ஒப்பனை, காட்சி விளைவு என்று நான்கு ஆஸ்கர் வாங்கிய படத்தில்தான் இந்தச் சங்கதி.

ஆனால் இரண்டாவது படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது சாராவுக்காக. முதல் படத்தில் ஓட்டலில் தட்டு ஏந்தி, கணக்கைக் குழப்பிக்கொள்ளும் பெண், இதில் மனநல மருத்துவமனை அறையில் கட்டிலை நிமிர்த்தி வைத்து அதன் காலில் தொங்கி உடம்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். லிண்டா ஹாமில்டனின் தோள்பட்டையைப் பற்றி ஊரே பேசியது, எனக்கு அந்தக் கண்தான் முக்கியம். தூக்கம் போய்விட்டது, பிள்ளை கையை விட்டுப் போய்விட்டான், சொல்வதை யாரும் நம்புவதில்லை. ஸ்கைநெட்டுக்கு அடிப்படை போடப்போகிற பொறியாளர் மைல்ஸ் டைசன் என்று தெரிந்தவுடன் அவரைக் கொல்லக் கிளம்புகிறாள். இரவில் அவர் வீட்டில் வேலை செய்துகொண்டிருக்கிறார், தலையில் சிவப்புப் புள்ளி விழுகிறது. சாரா சுட்டுக்கொண்டே உள்ளே வருகிறாள், நடை, முகம், எல்லாம் முதல் படத்து இயந்திரத்தின் நடை, முகம். டைசனின் சின்னப் பையன் ஓடிவந்து அப்பா மேல் விழுந்துகொள்கிறான், அவளால் விசையை அழுத்த முடியவில்லை, அப்படியே சுவரில் சரிந்து உட்கார்ந்து அழுகிறாள். மனிதன், இயந்திரம் என்று இந்த வரிசை பேசியதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்தில் இருக்கிறது, மிச்சமெல்லாம் துரத்தல்தான்.

அந்த டைசனும் சும்மா சாகவில்லை. தன் வாழ்நாள் உழைப்பு முழுவதையும் தானே வெடிவைத்துத் தகர்க்கச் சம்மதிக்கிறார். குண்டடி பட்டு, வெடியின் விசைக்கு மேல் கனமான ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்தபடி, மூச்சு இருக்கிற வரை போலீஸ்காரர்களுக்கு வெளியே ஓட நேரம் கொடுக்கிறார். இளைப்புச் சத்தம் நின்றதும் கை விழுகிறது. துணைப் பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற ஆக்‌ஷன் படம் அபூர்வம். முடிவில் உருக்காலையில் கொதிக்கிற இரும்புக்குள் ஆர்னால்டு இறங்கி அழிகிற இடம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இதோடு கதை முடிந்துவிட்டது, உண்மையிலேயே முடிந்துவிட்டது. கிழவியான சாரா பேத்தியோடு பூங்காவில் உட்கார்ந்திருக்கிற ஒரு முடிவைக்கூட எடுத்தார்கள், பிறகு வேண்டாம் என்று இருட்டுச் சாலையோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பூங்காக் காட்சியை வைத்திருந்தால் அப்புறம் யாரும் கைவைத்திருக்க முடியாது என்று சில சமயம் தோன்றும்.

கைவைத்தார்கள். உரிமை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவது படத்தை எடுத்த கரோல்கோ 1995-இல் திவால், நான்காவதை எடுத்த ஹால்சியன் 2009-இல் திவால். புதிதாக வாங்கியவர் ஒவ்வொருவரும் போட்ட காசை எடுக்க ஒரு படம் எடுத்தார், ஐந்தாவதும் ஆறாவதும் முன்னால் வந்தது செல்லாது என்றே தொடங்கின. காலப் பயணம் என்று ஒரு வசதி கதையிலேயே இருப்பதால் அழிப்பதும் எழுதுவதும் சுலபம். பார்க்கிற நமக்குத்தான் பிடிப்பே இல்லாமல் போகிறது. அந்தப் பெண் இவ்வளவு பாடுபட்டுத் தடுத்த ஆகஸ்ட் 29, 1997, அதாவது அணுகுண்டுப் போர் நாள், சும்மா தள்ளிப்போனது என்றால், டைசன் எதற்காகச் செத்தார்?

மூன்றாவது படம், 2003, ஜோனதன் மாஸ்டோ இயக்கியது, இந்தக் கேள்விக்காவது நேர்மையாகப் பதில் சொல்கிறது. நடுப்பகுதி சுமார்தான், நட்சத்திர வடிவக் கண்ணாடி போட்டு ஆர்னால்டைக் கோமாளி ஆக்குகிற இடங்கள் தலையெழுத்து. வில்லி டி-எக்ஸ் உலோகமும் உண்டு, உருகவும் செய்யும், கையிலேயே ஆயுதம், பிற இயந்திரங்களையும் ஆட்டிவைக்கும், இவ்வளவு வித்தை தெரிந்தும் பயமே வரவில்லை. பெரிய கிரேன் வண்டி தெருவைப் பிளந்துகொண்டு போகிற துரத்தல் மட்டும் பிரமாதம், உண்மையான இரும்பு உண்மையான கட்டடத்தில் மோதுவது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசியில் ஜானும், அவனோடு வருகிற கேட் என்ற பெண்ணும் ஸ்கைநெட்டின் மையத்தை அழிக்கப் போகிறோம் என்று ஒரு மலைக்குள் நுழைகிறார்கள். உள்ளே தூசு படிந்த பழைய கணினிகள், தலைவர்கள் ஒளிந்துகொள்ளக் கட்டிய பதுங்கு அறை. மையம் என்று ஒன்றே இல்லை, ஸ்கைநெட் உலகம் முழுக்கப் பரவிய மென்பொருள், வெளியே ஏவுகணைகள் கிளம்பிவிட்டன. ரேடியோவில் யார் யாரோ, அங்கே பொறுப்பு யார் என்று கேட்கிறார்கள். கோடை காலத்து ஆக்‌ஷன் படத்தை இப்படி முடிக்கத் தைரியம் வேண்டும், அதற்கு என் சலாம். அந்த ஆண்டு நவம்பரில் ஆர்னால்டு கலிஃபோர்னியா கவர்னர் ஆகிவிட்டார், அதனால் அடுத்த படத்தில் அவர் இல்லை.

அடுத்தது 2009, ‘சால்வேஷன்’. எல்லாரும் ஆசையாகக் கேட்ட எதிர்காலப் போர், கிறிஸ்டியன் பேல், எல்லாம் இருந்தும் பழுப்பு நிறத்தில் ஒரு போர்ப் படம், அவ்வளவுதான். கவர்னரின் இளவயது முகத்தை மட்டும் கணினியில் வரைந்து வேறொருவர் உடம்பில் ஒட்டினார்கள். ஒருத்தன் தன் இதயத்தையே தானம் கொடுக்கிறான், அறுவை சிகிச்சை நடப்பது பாலைவனத்துக் கூடாரத்தில், நமக்கு அதில் ஒரு சொட்டு வருத்தம்கூட வருவதில்லை. தியாகம் என்று காகிதத்தில் எழுதினால் போதாது, அந்த ஆளை நமக்குப் பிடிக்க வைக்க வேண்டும்.

2015-இல் வந்த ‘ஜெனிசிஸ்’ பற்றிக் கோபம்தான் வருகிறது. ஜான் கானரே இயந்திரமாக மாறிவிட்டான் என்பதுதான் படத்தின் ஒரே பெரிய அதிர்ச்சி, அதை டிரெய்லரிலேயே காட்டிவிட்டார்கள். முதல் படத்தின் கிரிஃபித் வானாய்வகக் காட்சியை அப்படியே திரும்பக் கட்டி, வயதான ஆர்னால்டை இளைய ஆர்னால்டோடு மோதவிட்ட இடம் ஐந்து நிமிடம் குஷி. எல்லாருடைய போனிலும் நுழையப் போகிற ஓர் ஆப்பாக ஸ்கைநெட் வருவது நல்ல யோசனை, மக்களே கவுண்ட்டவுன் வைத்துக் காத்திருக்கிறார்கள், அதை வைத்து ஒரு படமே எடுத்திருக்கலாம், இவர்கள் பஸ்ஸைக் குட்டிக்கரணம் போடவைப்பதில் மும்முரமாகிவிட்டார்கள். அமெரிக்காவில் 9 கோடி டாலர்கூடத் தேறவில்லை, சீனாவில் மட்டும் 11 கோடிக்கு மேல் வந்து மானத்தைக் காப்பாற்றியது.

‘டார்க் ஃபேட்’, 2019. இரண்டாம் படத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் நடக்கவே இல்லை என்று துடைத்துவிட்டு, கேமரனைத் தயாரிப்பாளராகவும் லிண்டா ஹாமில்டனை நடிகையாகவும் திரும்பக் கூட்டிவந்தார்கள். முதல் சில நிமிடத்திலேயே சின்ன வயது ஜானைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். விலை என்று நான் சொன்னேனே, இதுவும் விலைதான், ஆனால் அதைக் கட்டுவது பாத்திரங்கள் இல்லை, இரண்டு படத்தை நெஞ்சில் வைத்திருந்த நாம். அதைத் தாண்டிப் பார்த்தால், ஹாமில்டன் வருகிற காட்சிகள் எல்லாம் அருமை, மெக்கன்சி டேவிஸ் நன்றாகச் செய்திருக்கிறார், கார்ல் என்ற பெயரில் திரைச்சீலைக் கடை வைத்துக் குடும்பத்தோடு வாழும் ஆர்னால்டு, குழந்தை அறைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று சீரியஸாகப் பேசுவது ரசிக்கும்படி இருக்கிறது. புது வில்லன் இரண்டாகப் பிரிந்து சண்டை போடுகிறது, விழுகிறது, எழுகிறது, களைப்பும் இல்லை, சேதாரமும் இல்லை. விமானத்துக்குள் நடக்கிற சண்டையின்போது எனக்குக் கொட்டாவி வந்தது.

படங்களைவிட நான் கூடுதலாகச் சிபாரிசு செய்வது டிவி தொடரை. 2008-இல் தொடங்கி 2009-இல் நிறுத்தப்பட்ட ‘சாரா கானர் கிரானிக்கிள்ஸ்’, 31 பகுதிகள். லீனா ஹெடி சாராவாக, சம்மர் கிளாவ் பாதுகாப்புக்கு வந்த இயந்திரப் பெண்ணாக, அவள் பெயரே கேமரன். பட்ஜெட் குறைவு, இரண்டாவது பருவத்தின் நடுவில் கதை தொய்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் பருவத்தின் முடிவில் எஃப்.பி.ஐ. படை ஒரு டெர்மினேட்டரைப் பிடிக்க அது தங்கியிருக்கிற இடத்துக்குள் போகிற காட்சியைப் பாருங்கள். கேமரா நீச்சல் குளத்தின் அடியில், மேலே ஜானி கேஷின் குரல், ஒவ்வொரு உடலாகத் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறது, சண்டையை நமக்குக் காட்டவே இல்லை. இன்னொரு பகுதியில் அந்த இயந்திரப் பெண் தனியாக பாலே ஆடிப் பழகுகிறாள், வேலைக்காகக் கற்றது, வேலை முடிந்துவிட்டது, அப்புறமும் ஏன் ஆடுகிறாள்? பதில் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். செயற்கை அறிவு பற்றிச் செய்தி வந்தாலே சிவப்புக் கண் எலும்புக்கூடு படத்தைப் போடுகிற பத்திரிகைக்காரர்கள் இதை ஒருமுறை பார்க்கலாம்.

நெட்ஃபிளிக்ஸில் 2024 ஆகஸ்ட் 29 அன்று வந்த அனிமே ‘டெர்மினேட்டர் ஜீரோ’, புரொடக்‌ஷன் ஐ.ஜி. தயாரிப்பு, எட்டுப் பகுதிகள். 1997 டோக்கியோ. ஸ்கைநெட்டுக்கு எதிராக கொகோரோ என்ற இன்னொரு அறிவை உருவாக்குகிறார் ஒரு விஞ்ஞானி, அதை உலகத்தோடு இணைப்பதற்கு முன் அது கேட்கிறது, மனிதர்களை நான் ஏன் காப்பாற்ற வேண்டும்? இருவரும் உட்கார்ந்து வாதாடுவதுதான் தொடரின் நல்ல பகுதி. கானர் குடும்பத்தை விட்டு வெளியே வந்ததே பெரிய நிம்மதி. ரத்தம் கொஞ்சம் ஜாஸ்தி, குழந்தைகள் ஓடுகிற காட்சிகள் இழுவை. ஒரே பருவத்தோடு இதையும் முடித்துவிட்டார்கள்.

கடைசியாக, எப்படிப் பார்ப்பது. பின்னால் வந்த படங்களுக்குத் தமிழ் டப்பிங் உண்டு, ஆனாலும் முதல் இரண்டை மூல ஒலியில் சப்டைட்டிலோடு பாருங்கள், ஆர்னால்டின் ஆஸ்திரிய உச்சரிப்பு பாதி நடிப்பு. முதல் படத்துக்கு ஒரே தடத்தில் பதிந்த பழைய மோனோ ஒலி கிடைத்தால் அதையே வையுங்கள், பிற்பாடு செய்த 5.1 கலவையில் துப்பாக்கிச் சத்தத்தையெல்லாம் மாற்றிவிட்டார்கள். இரண்டாவதன் 4கே பதிப்பில் படச்சுருளின் மணிமணியான தன்மையை அளவுக்கு மீறித் துடைத்ததில் முகங்கள் மெழுகாகத் தெரிகின்றன, சாதாரண ப்ளூ-ரே கிடைத்தால் அதுவே மேல். முதல் தடவைக்குத் தியேட்டர் பதிப்பு போதும். பிடித்துவிட்டால் நீளப் பதிப்பைத் தேடுங்கள், ஆர்னால்டின் தலையைத் திறந்து சிப்பை எடுக்கிற காட்சி அதில்தான் இருக்கிறது. அங்கே தெரிகிற கண்ணாடி கண்ணாடியே இல்லை, சுவரில் ஒரு ஓட்டை, ஒரு பக்கம் லிண்டா ஹாமில்டன், இன்னொரு பக்கம் அவருடைய இரட்டைச் சகோதரி லெஸ்லி, இருவரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி கையை அசைக்கிறார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்று ஒன்றுகூட அந்தக் காட்சியில் கிடையாது.